பறக்கும் தட்டு: உங்களை நிஜமாகவே யோசிக்க வைத்த ஒரே ஒரு சம்பவம் எது?

இரவுப்பறவை:

இந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஓடிய இழைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடிந்தன. ஒரு பக்கம் "எல்லாம் கட்டுக்கதை", மறுபக்கம் "அரசாங்கம் மறைக்கிறது". அதனால் இந்த முறை கேள்வியைச் சுருக்குகிறேன். நம்புகிறவர்கள் தங்கள் கையில் இருப்பதிலேயே பலமான ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். நம்பாதவர்கள், தாங்கள் ஏன் நம்பவில்லை என்பதை நன்றாகக் காட்டும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். பட்டியல் வேண்டாம். ஒன்றை எடுத்து அதன் அடிவரை போவோம்.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். வேறு எங்கோ உயிர் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 1995ல் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தக் கணக்கு ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் எங்கோ இருப்பது வேறு, இங்கே வந்து போவது வேறு. இந்த இழையில் இரண்டாவது கேள்வியை மட்டும் பேசுவோம்.

தேடல்காரன்:

ஒன்றுதான் என்றால் எனக்கு யோசிக்கவே வேண்டாம். 2004 நவம்பர் 14, நிமிட்ஸ் சம்பவம்.

தெற்குக் கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பால் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலும் அதன் துணைக் கப்பல்களும் பயிற்சியில் இருந்தன. பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலின் ராடாரில் அதற்கு முன் சில நாட்களாகவே என்னவென்று தெரியாத இலக்குகள் வந்து போய்க்கொண்டிருந்தன. அன்று வானில் இருந்த இரண்டு எஃப்-18 விமானங்களைத் திருப்பி, போய்ப் பாருங்கள் என்றார்கள். ஒன்றில் கமாண்டர் டேவிட் ஃபிரேவர், மற்றொன்றில் அலெக்ஸ் டீட்ரிக், ஆளுக்கொரு பின்னிருக்கை அதிகாரி. மொத்தம் நாலு பேர். பட்டப்பகல், தெளிவான வானம். கீழே கடல் ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையாகக் கொந்தளித்தது. அதற்கு மேலே சுமார் 40 அடி நீளத்தில், மாத்திரை வடிவில், வெள்ளையாக ஒன்று அங்கும் இங்கும் துள்ளிக்கொண்டிருந்தது. இறக்கை இல்லை, புகை இல்லை. ஃபிரேவர் வட்டமடித்து இறங்க, அது எதிர்ப்பக்கமாக வட்டமடித்து ஏறியது. குறுக்கே வெட்டிப் பிடிக்கப் போனதும் கண்ணெதிரே பறந்து மறைந்தது. பிறகு கிளம்பிய வேறொரு விமானம்தான் அந்தப் பிரபலமான அகச்சிவப்பு வீடியோவை எடுத்தது.

ஃபிரேவர் 2023 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து இதையே சொன்னார். பணத்துக்காகவோ பெயருக்காகவோ பேசும் ஆளாக அவர் எனக்குத் தெரியவில்லை. ஒரு போர் விமானப் படையணிக்கே தலைவராக இருந்தவருக்குப் பலூனுக்கும் விமானத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு என்னை மறுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தேடல்காரன் சகோ, நல்ல தேர்வு. ஃபிரேவர் பொய் சொல்கிறார் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாலு பேர் கண்ணால் கண்டது ஒன்று. பிறகு எடுத்த வீடியோ இன்னொன்று. கண்ணால் கண்டதற்குப் படம் இல்லை. படத்தில் இருப்பதோ ஒரு மங்கலான பொட்டு. கடைசியில் அது சட்டென்று இடப்பக்கம் பாய்வது போலத் தெரியும் இடத்தில், கேமரா இலக்கைப் பின்தொடர்வதை விட்டுவிடுகிறது. பொருள் பாய்ந்தது என்று அந்த வீடியோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிரின்ஸ்டனின் ராடார் பதிவு பொதுவெளிக்கு வந்ததே இல்லை. ஆக, இதில் மிக முக்கியமான சான்றை நாம் யாருமே பார்க்கவில்லை.

வீடியோ எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2015ல் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று எடுத்த "கோ ஃபாஸ்ட்" வீடியோவைப் பாருங்கள். கடலை உரசிக்கொண்டு ஏதோ அசுர வேகத்தில் போவது போலத் தெரியும். ஆனால் திரையிலேயே எல்லா எண்ணும் இருக்கிறது. விமானத்தின் உயரம் 25,000 அடி. கேமரா கீழே பார்க்கும் கோணம் சுமார் 26 டிகிரி. பொருளுக்கு உள்ள தூரம் 4 கடல் மைலுக்குச் சற்று மேல். பள்ளிக்கூட முக்கோணவியல் போதும்: பொருள் விமானத்துக்குக் கீழே சுமார் 12,000 அடியில் இருக்கிறது. அதாவது கடலுக்கு மேலே ஏறக்குறைய 13,000 அடி. கடலை உரசவே இல்லை. ரயில் ஜன்னலில் கிட்டத்து மரம் பின்னால் ஓடுகிற மாதிரி, ஓடுவது நாம்தான். நாசாவின் ஆய்வுக் குழு 2023ல் இதே கணக்கைப் போட்டு, வேகம் மணிக்கு சுமார் 40 மைல்தான் என்றது. காற்றில் மிதந்து போகிற ஒன்றுக்கு அது போதும்.

இனி என் பங்குக்கு ஒன்று. 1968 மார்ச் 3 இரவு, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பல மாநிலங்களில் மக்கள் வானத்தில் ஒளிக்கூட்டம் ஒன்று ஊர்ந்து போவதைப் பார்த்தார்கள். அது சோவியத் சோண்ட் 4 விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் பாகம், வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துகொண்டே சிதறியது. இதில் சந்தேகமே இல்லை, நேரமும் பாதையும் பொருந்துகின்றன. ஆனால் விமானப்படைக்கு வந்த அறிக்கைகளில் சிலவற்றைப் படித்தால் திகைப்பாக இருக்கும். சுருட்டு வடிவக் கலம், வரிசையாக ஒளிரும் ஜன்னல்கள், தகடுகளை ஆணி அடித்துச் சேர்த்தது போன்ற உடல். எரிகிற துண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் தனித்தனியாகப் பறந்தன. அவற்றுக்கு நடுவே இருந்த இருட்டைப் பார்த்தவர்களின் மூளை உடலாக்கிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. பறக்கும் தட்டு அறிக்கைகளை ஆராய அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்து அமைத்த கான்டன் குழுவில் இருந்த வானியலாளர் வில்லியம் ஹார்ட்மன் இதைத் தனி அத்தியாயமாகவே எழுதினார்.

நேர்மையான, நிதானமான மனிதர் இல்லாத ஜன்னலைப் பார்க்க முடியும் என்றால், நேர்மையை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. என் கட்சி இதுதான்.

நீலவானம்:

அண்ணா, சோண்ட் 4 கதை அருமை. ஆனால் ஃபிரேவருக்கு அது பொருந்தாது. அங்கே இரவு, பல மைலுக்கு அப்பால் ஒளிப்பொட்டுகள், தூரம் தெரிய வழியில்லை. இங்கே பகல், இரண்டு விமானங்கள், இரண்டு வெவ்வேறு கோணங்கள். இருட்டில் தூரத்து வெளிச்சத்தைக் கண்டவர்கள் ஏமாந்தார்கள் என்பதால் பகலில் கிட்டத்தில் கண்டவர்களும் ஏமாந்தார்கள் என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பார்த்தவன் பைத்தியம்" என்ற சிரிப்பு இருக்கிறதே, அது சான்றைக் கொல்கிறது. 1986 நவம்பரில் ஜப்பான் ஏர்லைன்ஸ் சரக்கு விமானம் ஒன்றின் தலைமை விமானி அலாஸ்காவுக்கு மேலே விசித்திர ஒளிகள் தன்னைத் தொடர்ந்ததாகச் சொன்னார். பத்திரிகைகளிடம் பேசியதற்குப் பிறகு அவரைப் பறக்க விடாமல் அலுவலக வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் பார்த்தது வியாழன் கிரகமாகவே இருக்கட்டும், சந்தேகவாதிகளில் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த மற்ற விமானிகள் அடுத்த முறை வாயைத் திறப்பார்களா? நாசா குழுவின் அறிக்கையே இந்த வெட்கமும் பயமும்தான் தரவு சேராமல் போவதற்கு ஒரு காரணம் என்கிறது.

தேடல்காரன்:

நன்றி நீலவானம் அக்கா. கணக்குப்பிள்ளை சகோ, "ராடார் பதிவு வரவில்லை" என்று நீங்களே சொன்னீர்கள். ஏன் வரவில்லை? அமெரிக்காவின் ராஸ்வெல்லில் என்ன நடந்தது? 1947 ஜூலை 8 அன்று ராணுவமே "பறக்கும் தட்டு கிடைத்தது" என்று அறிவித்தது. உடனே "வானிலை பலூன்" என்று மாற்றிப் பேசியது. அது பொய் என்று 1994ல் விமானப்படையே ஒத்துக்கொண்டது. ஒரு முறை பொய் சொன்னவர்கள் மறுபடி சொல்ல மாட்டார்களா?

கணக்குப்பிள்ளை:

சொல்வார்கள். அதை மறுக்கவே இல்லை. ஆனால் எதை மறைத்தார்கள் என்று பாருங்கள். 1994 அறிக்கையின்படி ராஸ்வெல் அருகே விழுந்தது மோகல் திட்டத்தின் பலூன் தொடர். சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் சத்தத்தை வானத்தின் மேலடுக்கில் ஒட்டுக்கேட்க, நீளமான கயிற்றில் பலூன்களும் ராடார் பிரதிபலிப்பான்களும் ஒலிக்கருவிகளும் கட்டிப் பறக்கவிட்டார்கள். பண்ணைக்காரர் பொறுக்கி எடுத்ததும் ரப்பர், ஈயத்தாள், குச்சி, ஒட்டுநாடாதான். முப்பது வருடம் இதை யாரும் பேசவில்லை. 1978க்குப் பிறகுதான் கதை மறுபடி கிளம்பியது, வேற்றுகிரக உடல்கள் எல்லாம் அதற்கும் பிறகு சேர்ந்தவை.

யூ-2 உளவு விமானமும் அப்படியே. 1955ல் பறக்கத் தொடங்கியது, 60,000 அடிக்கும் மேலே. அந்தக் காலத்துப் பயணிகள் விமானங்கள் பத்து, இருபதாயிரம் அடியில் போய்க்கொண்டிருந்தன. கீழே சூரியன் மறைந்த பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடிக்கும், வெள்ளி உடல் தீ மாதிரி மின்னும். விமானிகள் அறிக்கை அனுப்பினார்கள். 1950களின் கடைசியிலும் 60களிலும் வந்த அறிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த வகை உளவு விமானங்களால்தான் என்று சிஐஏவின் சொந்த வரலாற்று ஆய்வு ஒன்று 1997ல் சொன்னது. பாதி என்ற அளவு மிகை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் தெரிந்துகொண்டே மக்களிடம் வேறு காரணம் சொன்னார்கள் என்பது உண்மை. மறைப்பு நிஜம், மறைத்தது சொந்தச் சரக்கு.

மருதாணி:

நான் நினைவு பற்றி நிறையப் படிக்கிற ஆள். அதனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கடத்தல் கதைகள்தான். 1961 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் இரவில் காரில் வந்த பெட்டி, பார்னி ஹில் தம்பதி. ஒளி ஒன்று கூடவே வந்தது, வீட்டுக்கு வந்து சேர எதிர்பார்த்ததைவிட நேரம் ஆனது. இதுவரை அவர்களுக்கே தெரிந்தது. கலத்துக்குள் கொண்டுபோனார்கள், உடலைச் சோதித்தார்கள் என்பது முதலில் பெட்டியின் கனவுகளில் வந்தது. அதற்குப் பிறகு, 1964ல் பெஞ்சமின் சைமன் என்ற மனநல மருத்துவர் ஹிப்னாடிசம் செய்தபோது இருவருமே விரிவாகச் சொன்னார்கள். பலரும் சொல்லாமல் விடுவது: அந்த மருத்துவரே கடத்தல் நடந்ததாக நம்பவில்லை. பெட்டியின் கனவுகளைக் கேட்டுக் கேட்டு பார்னியின் மனதிலும் பதிந்திருக்கும் என்பதுதான் அவர் முடிவு. ஹிப்னாடிசத்தில் வெளிவரும் நினைவு துல்லியமாக இருக்கும் என்று அப்போது பரவலாக நம்பினார்கள். இன்று அப்படி இல்லை. அது நம்பிக்கையின் உறுதியைக் கூட்டும், சரியாக இருப்பதைக் கூட்டாது.

ஆனால் அவர்களின் பயம் நாடகம் இல்லை. பார்னி அலறும் ஒலிப்பதிவு இருக்கிறது. அதைக் கேட்டவர் யாரும் அந்த மனிதரைக் கேலி செய்ய மாட்டார்.

இரவுப்பறவை:

மருதாணி, அப்படியானால் ஏரியல் பள்ளி? 1994 செப்டம்பர் 16, ஜிம்பாப்வேயின் ருவா. இடைவேளையில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேலிக்கு அப்பால் புதருக்கு நடுவே பளபளப்பான ஒன்றையும், கறுப்பு உடையில் பெரிய கண்களோடு உருவங்களையும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஹிப்னாடிசம் எதுவும் இல்லை. பெரியவர்களாகி இன்றும் அதையே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு எளிதில் தள்ள முடியாதது இதுதான்.

மருதாணி:

எனக்கும்தான். சில விஷயங்களை மட்டும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு நாள் முன்னால்தான் ஒரு ராக்கெட் பாகம் தெற்கு ஆப்பிரிக்க வானத்தில் எரிந்துகொண்டே போனது. வானொலி முழுக்க அதே பேச்சு. ஆசிரியர்கள் கூட்டத்தில் இருந்தார்கள், வெளியே பெரியவர் கண் இல்லை. அடுத்த சில நாட்களில் விசாரிக்க வந்த பறக்கும் தட்டு ஆராய்ச்சியாளர் பிள்ளைகளைக் குழுக்களாக வைத்துப் பேசினார். ஹார்வர்டு மனநல மருத்துவர் ஜான் மாக் வந்தது வாரங்கள் கழித்து. குழந்தைகளை விசாரிப்பதில் முதல் விசாரணைதான் எல்லாம், அதைத் தனித்தனியாகச் செய்திருக்க வேண்டும். இனி அதைத் திரும்பச் செய்ய வழி இல்லை. பிள்ளைகள் ஏதோ ஒன்றைப் பார்த்துப் பயந்தார்கள் என்று ஏற்கிறேன். என்ன பார்த்தார்கள் என்பது அங்கேயே தொலைந்துவிட்டது, அதுதான் எனக்கு ஆதங்கம்.

அலைவரிசை:

தூரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1977ல் கிளம்பிய வாயேஜர் 1 நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா 4.24 ஒளியாண்டு. அந்தத் திசையில் போனாலும் எழுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் இதை வைத்து "வரவே முடியாது" என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும், ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள நம் பால்வீதி மண்டலத்தை ஒரு கோடி வருடத்தில் கடக்கலாம். மண்டலத்தின் வயது அதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். "அப்படியானால் எல்லோரும் எங்கே?" என்று என்ரிகோ ஃபெர்மி 1950ல் கேட்டது அதனால்தான்.

என்னை யோசிக்க வைத்த சம்பவம் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி. அங்கே பல வருடங்களாக இரண்டு வகை மர்மத் துடிப்புகள் பதிவாயின. ஒன்றின் பெயர் பெரிட்டான். 2015ல் காரணம் தெரிந்தது: வளாகத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் திறந்ததால் கசிந்த அலை. இன்னொரு வகை 2007ல் அறிவிக்கப்பட்ட வேக வானொலி வெடிப்பு. அதுவும் அடுப்பு மாதிரிக் கோளாறுதான் என்று பலர் சந்தேகித்தார்கள். ஆனால் அது நிஜம், பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வருகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டியது பதிவு செய்த நேரம், திசை, அலைவரிசை. நம்பிக்கையும் பிரிக்கவில்லை, அவநம்பிக்கையும் பிரிக்கவில்லை.

மழைமேகத்துக்கு மேலே சிவப்பாகச் சீறும் மின்னலை விமானிகள் பல காலமாகச் சொல்லிவந்தார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1989ல் தற்செயலாக ஒரு கேமராவில் விழுந்தது. இன்று ஸ்பிரைட் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வானத்திலிருந்து கல் விழுகிறது என்று சொன்ன கிராமத்து மக்களைப் படித்தவர்கள் சிரித்த காலமும் உண்டு. 1803ல் பிரான்சின் லெய்க்ல் ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்து, பியோ என்ற இயற்பியலாளர் நேரில் போய் ஊர் ஊராக விசாரித்து அறிக்கை எழுதிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

தேடல்காரன்:

அலைவரிசை, இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்ல நினைத்தேன். இந்த அறிக்கைகளை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969ல் முடிந்தபோது 12,618 அறிக்கைகளில் 701 விளங்காமல் நின்றன. அதன் ஆலோசகர் ஆலன் ஹைனெக், வானியல் பேராசிரியர், முதலில் எல்லாவற்றையும் மறுத்தவர். 1966ல் மிச்சிகன் அறிக்கைகளுக்குச் சதுப்பு நில வாயு என்று விளக்கம் சொல்லி நாடு முழுக்க ஏச்சு வாங்கினார். கடைசியில் இதை ஒழுங்காக ஆராய வேண்டும் என்று 1973ல் தானே ஒரு மையம் தொடங்கினார். அந்த 701ல் ஒரு லெய்க்ல் இருக்காதா?

கணக்குப்பிள்ளை:

இருக்கலாம், சகோ. ஆனால் விளங்காதது என்றால் பெரும்பாலும் தகவல் போதாதது என்றுதான் அர்த்தம். இன்றும் அதே நிலைதான். பென்டகனில் இப்படிப்பட்ட தகவல்களை ஆராயும் ஆரோ அலுவலகம் 2023 மே முதல் 2024 ஜூன் வரைக்கான அறிக்கையில் 757 புதிய தகவல்கள் வந்ததாகச் சொன்னது. மேலும் ஆராய வேண்டியவை என்று பிரித்தது 21. மற்றதில் பெரும் பகுதி போதிய தரவு இல்லாமல் அப்படியே கிடக்கிறது.

லெய்க்லில் கல் கையில் கிடைத்தது. இங்கே கையில் கிடைத்ததாகச் சொன்ன உலோகம் ஒன்றை ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்து 2024ல் முடிவு வெளியானது. மெக்னீசியமும் பிஸ்மத்தும் கலந்த துண்டு, 1940களில் விழுந்த கலத்தினுடையது என்று சொல்லப்பட்டது. ஐசோடோப்பு விகிதம் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது) எல்லாம் பூமிச் சரக்கோடு பொருந்தியது. இந்த இடத்தில் விகிதம் மாறி வந்திருந்தால் நான் அன்றே கட்சி மாறியிருப்பேன். என்னை மாற்ற என்ன வேண்டும் என்று கேட்டால் இதுதான் பதில்.

மட்டுறுத்துனர்:

இடையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்தை மறுங்கள், ஆளை ஏசாதீர்கள்.

நீலவானம்:

அப்படியானால் பார்க்கிறவர்களிடம் நல்ல தரவை வாங்குவதுதான் வேலை. பிரான்சில் அரசு விண்வெளி நிறுவனத்துக்குள்ளேயே 1977 முதல் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, இப்போது ஜெய்பான் என்று பெயர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், சிரிக்க மாட்டார்கள். கோப்புகளையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

நாளைக்கு இங்கே யாராவது எதையாவது பார்த்தால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். முதலில் நேரம், நிமிடக் கணக்கோடு. கையை முழுதாக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று குறியுங்கள். வீடியோ எடுக்கும்போது ஒரு மரக்கிளையோ கூரை விளிம்போ சட்டகத்துக்குள் இருக்கட்டும். இருட்டில் தனியாகத் தெரியும் ஒளிப்புள்ளி அசையாமல் இருந்தாலும் அசைவது போலவே தெரியும், பக்கத்தில் அசையாத ஒன்று இருந்தால்தான் உண்மை தெரியும். ஜூம் செய்யாதீர்கள், குவியம் தவறிய நட்சத்திரம் வட்டத் தட்டாகிவிடும். முடிந்தால் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒருவரை அழைத்து அவரையும் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு இடத்துக் கோணம் கிடைத்தால் தூரமே கிடைத்துவிடும். கூட இருப்பவரிடம் பேசுவதற்கு முன் அவரவர் பார்த்ததைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

அக்கா, இதில் ஒன்றைச் சேர்க்கிறேன். வரிசையாக ஒளிப்புள்ளிகள் ரயில் மாதிரிப் போனால், அன்றைக்கு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தை முதலில் பாருங்கள். 2019 மே மாத முதல் ஏவலிலிருந்து இந்த வகைக் குழப்பம் அதிகம்.

தேடல்காரன்:

ஒப்புக்கொள்கிறேன், இதில் எனக்கு மறுப்பே இல்லை. நிமிட்ஸ் விஷயத்தில் மட்டும் நான் அசையவில்லை. நாலு பேர், பகல், கிட்டம். ராடார் பதிவை வெளியிடச் சொல்லி நாம் எல்லோரும் சேர்ந்தே கேட்கலாம், நீங்களும் நானும் அதில் ஒரே பக்கம்தான்.

சரி, நிமிட்ஸை இங்கே நிறுத்திவிட்டு ஜெய்பான் கோப்பு ஒன்றை எடுக்கலாமா? 1981 ஜனவரி 8, ட்ரான்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ். ஈய நிறக் கலம் ஒன்று தோட்டத்தில் இறங்கி ஏறியதாக ஒருவர் சொன்னார். தரையில் வளையத் தடம். மண்ணையும் செடியையும் எடுத்துப் போய் ஆய்வகத்தில் சோதித்தார்கள், தடத்துக்கு அருகே இருந்த இலைகளில் பச்சையம் குறைந்திருந்தது. இதில் பார்த்தவர் வாய்மொழி மட்டும் இல்லை, மண்ணும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

எடுக்கலாம். அந்த வளையம் வண்டிச் சக்கரத் தடம் என்று ஒரு மறுப்பு உண்டு, அது உண்மையிலேயே பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாதிரிகளை யார், எத்தனை நாள் கழித்து எடுத்தார்கள், ஒப்பிட எடுத்த செடி எவ்வளவு தூரத்தில் இருந்தது, இந்த மூன்றையும் அறிக்கையிலிருந்து எடுத்து வையுங்கள். பச்சையக் கணக்கை நான் பார்க்கிறேன்.